அச்சமிருந்தும் எழுந்து நடந்தவர்

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"பயத்தை வென்று மாற்றத்தை ஏற்பது எப்படி?" என்பது விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு. மறையுரை ஆற்றும் தகுதி எனக்கில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இரும்போடும் எண்ணெயோடும் பழகியவன் நான். ஆனாலும், மாற்றத்தைப் பற்றிப் பேசப் பொன்மலைக்காரனுக்கு ஓர் உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். ஏனெனில், நம்முடைய ஊரே ஓர் இடமாற்ற உத்தரவில் பிறந்த ஊர்.

இடமாற்றத்தில் பிறந்த ஊர்

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பெரிய பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1920-களின் பிற்பகுதியில் அது பொன்மலைக்கு மாற்றப்பட்டது. நாகையிலே கடற்காற்றில் வளர்ந்த குடும்பங்கள், வேளாங்கண்ணி மாதாவை நினைத்தவுடன் போய்ப் பார்த்து வரும் தூரத்தில் வாழ்ந்த குடும்பங்கள், ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கடந்து, வெயில் காயும் இந்தப் பாறையடிக்கு வந்து சேர்ந்தன. இங்கே கடல் இல்லை. அதிகாலையில் வலையிலிருந்து இறங்கிய மீனும் இல்லை. வரிசை வரிசையாகக் குடியிருப்பு வீடுகள். பொழுது விடிந்தால் சங்கு. பொழுது சாய்ந்தால் சங்கு. புது மண்ணில் புது அடுப்பு மூட்டிய அந்தத் தாய்மார்களின் மனத்தில் என்னென்ன அச்சங்கள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. இங்கே வந்தவர்களுக்கு வேலையாவது நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. 1928-இல் கம்பெனி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. திறமைச் சோதனை வைத்துத்தான் ஆட்களை நிறுத்துவோம் என்றது. அந்த ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். போராட்டம் தோற்றது, பல வீடுகளில் அடுப்பு அணைந்தது. பின்னர் 1946 செப்டம்பர் 5-ஆம் நாள், இதே பொன்மலையில், சங்கத் திடலில், துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து தொழிலாளர்கள் பலியானார்கள்.

இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், "பயப்படாதே" என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வது எளிது. அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பிறகு சொல்வதுதான் நேர்மை. சம்பளம் நின்றால் பிள்ளைகள் பட்டினி என்பது கற்பனைப் பேய் அல்ல. திருச்சபை இதை அறிந்தே பேசியிருக்கிறது. 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தமது புகழ்பெற்ற சுற்றுமடலில், தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்ளலாம், குடும்பம் பிழைக்கும் அளவுக்கு நியாயமான கூலி பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எடுத்துரைத்தார். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், வேலை மனிதனுக்காக இருக்கிறது, வேலைக்காக மனிதன் படைக்கப்படவில்லை என்ற கருத்தை விளக்கி ஒரு சுற்றுமடலே எழுதினார். ஆகவே, விசுவாசம் என்றால் வாய் பொத்தி, கை கட்டி, வந்ததையெல்லாம் தாங்கிக்கொள்வது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நான்கு கனவுகள்

அப்படியானால் விசுவாசம் பயத்தை என்ன செய்கிறது? இதற்குப் பதில் தேடி நான் போகும் இடம் ஒன்றே: தொழிலாளரின் பாதுகாவலராகிய புனித சூசையப்பர். மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். உலகமெங்கும் உழைப்பாளர் கொடி ஏற்றும் நாளிலே, ஒரு தச்சரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது.

மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. நான்கு முறை கனவில் அவருக்கு இறைவனின் செய்தி வருகிறது. முதல் செய்தி: மரியாளை ஏற்றுக்கொள்ள அஞ்ச வேண்டாம். இரண்டாவது: குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு. மூன்றாவது: இஸ்ராயேல் நாட்டுக்குத் திரும்பு. நான்காவது: கலிலேயாப் பக்கம் போ. நான்கு கனவு, நான்கும் மாற்றல் உத்தரவு! நம் ரயில்வேயில்கூட இத்தனை சீக்கிரத்தில் ஒருவரை இத்தனை முறை மாற்ற மாட்டார்கள்.

இதில் இரண்டு செய்திகளை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஒன்று: சம்மனசு "அஞ்சாதே" என்று சொல்லி அதோடு நிறுத்திவிடவில்லை. உடனே செய்ய வேண்டிய ஒரு காரியத்தையும் சொன்னார். ஏற்றுக்கொள், எழுந்திரு, கூட்டிக்கொண்டு போ என்று ஒவ்வொரு முறையும் ஒரு வேலை அவர் கையில் கொடுக்கப்பட்டது. பயத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இறைவன் அனுப்பும் மருந்து பல நேரங்களில் ஒரு வேலைதான். அடுத்த பத்து ஆண்டுக்கான திட்டம் சூசையப்பருக்குக் காட்டப்படவில்லை. எகிப்தில் எந்தத் தெருவில் வீடு, யார் வேலை கொடுப்பார், எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்படவில்லை. அன்றிரவு எடுத்து வைக்க வேண்டிய அடி மட்டுமே தெரிந்தது. அவர் அந்த அடியை எடுத்து வைத்தார்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. எகிப்திலிருந்து திரும்பும்போது, யூதேயாவில் ஏரோதுக்குப் பின் அவன் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேள்விப்பட்ட சூசையப்பர் அங்கே போக அஞ்சினார் என்று நற்செய்தியாளர் வெளிப்படையாக எழுதுகிறார். கவனித்தீர்களா? மூன்று முறை வானத்திலிருந்து செய்தி பெற்றவர், நீதிமான் என்று பெயர் எடுத்தவர், அவரும் அஞ்சினார்! அந்த அச்சத்தை இறைவன் கண்டிக்கவில்லை. நான்காவது கனவில் வேறு வழி காட்டினார். அந்த வழி நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆண்டவருக்கு நாசரேத்தூர் இயேசு என்று பெயர் வந்ததும் அதனால்தானே!

ஆகவே பயப்படுவது பாவமல்ல. விசுவாசம் குறைந்ததன் அடையாளமும் அல்ல. பயம் ஆபத்தைச் சுட்டிக்காட்டும் சிக்னல் மாதிரி. சிவப்பு விளக்கைக் கண்டால் டிரைவர் வண்டியை நிறுத்துகிறார். நிறுத்தி, வழி கேட்கிறார். எஞ்சினை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சூசையப்பர் நின்றார், வழி கேட்டார், பாதையை மாற்றினார், பயணத்தை விடவில்லை.

நம் தமிழுக்கும் இந்தப் புனிதர் அந்நியர் அல்லர். இத்தாலியில் பிறந்து, தம் ஊரையும் மொழியையும் விட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த வீரமாமுனிவர், 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' என்னும் காவியம் பாடினார். அதன் தலைவர் சூசையப்பரே. நடுவயதை நெருங்கும்போது ஒரு புது மொழியைக் கற்கத் தொடங்கி, அந்த மொழியிலேயே காவியம் செய்த ஒருவர், இடம் மாறிக்கொண்டே இருந்த சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம்!

பாய்லரிலிருந்து டீசலுக்கு

இனி நம் பணிமனைக்கு வருவோம். 1964-இல் வாரணாசி தொழிற்சாலையிலிருந்து டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. 1972-இல் சித்தரஞ்சனில் கடைசி நீராவி எஞ்சின் கட்டி முடிக்கப்பட்டது. நீராவிக்குக் காலம் முடிகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் நீராவியிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அது வெறும் செய்தி அல்ல. நெஞ்சில் விழுந்த சம்மட்டி அடி.

இளைஞர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பாய்லர் வேலை கண்ணாலும் காதாலும் கையாலும் செய்கிற வேலை. நெருப்புப் பெட்டியைத் தாங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார்கள். நல்ல போல்ட் கணீரென்று ஒலிக்கும். உடைந்தது மந்தமாக ஒலிக்கும். அந்த ஒலியைப் பிரித்தறியப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். டீசலில் நிலைமை வேறு. அங்கே எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. சக்கரத்தைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டார். எல்லாவற்றுக்கும் அளவு, மீட்டர், வரைபடம். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியைக்கூட அளந்து எழுத வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒரு பிட்டர், பாய்லர் ஷாப்பில் பழுத்தவர், பெயர் வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில் அவரை டீசல் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "இத்தனை வருஷம் மேஸ்திரின்னு கூப்பிட்ட பசங்க முன்னாடி, பெஞ்சில உக்காந்து பாடம் படிக்கணுமா?" என்று கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, மதிப்புப் போய்விடும் என்ற பயம் அவரை அதிகமாக வாட்டியது. அவர் மனைவி புதன்கிழமை தோறும் சூசையப்பருக்கு மெழுகுதிரி ஏற்றும் அம்மாள். ஒரு நாள் அவர் சொன்னாராம்: "சூசையப்பர் எகிப்துல போய் யாருகிட்டயாவது வேலை கேட்டுத்தானே இருப்பாரு? அவருக்கு மதிப்புக் குறைஞ்சா போச்சு?"

மறுநாள் அந்த மனிதர் ஓர் அப்ரண்டிஸ் பையனிடம் போனார். "தம்பி, இந்தப் படத்தைக் கொஞ்சம் எனக்குப் புரியும்படி சொல்லிக் கொடுய்யா" என்றார். பையன் பதறிப்போய், "அண்ணே, நீங்க போய் என்கிட்ட கேக்குறீங்களே" என்றான். பிறகு, "அப்போ நீங்க எனக்கு பேரிங் சத்தம் பாக்கச் சொல்லிக் கொடுங்க" என்றான். ஆறு மாதத்தில் அவர் வரைபடம் படித்தார். பையன் காதால் பழுது பிடித்தான். பாய்லரில் பழகிய அந்தக் காது டிராக்ஷன் மோட்டார் பேரிங்கின் முனகலையும் கண்டுபிடித்தது. பழைய தொழிலில் உண்மையாகக் கற்ற எதுவும் வீணாகவில்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. நாட்டில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நீராவி மறைந்த பின்னும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் பற்றி ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் வேண்டியிருந்தது. 12 அடி போனால் 1 அடி ஏறும் செங்குத்தான பாதை அது. அதன் பழைய எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்துபோனபோது, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பாதைக்குப் புது எஞ்சின் செய்து கொடுத்தது எந்த ஊர்? நம்முடைய பொன்மலை! 2011-இல் எண்ணெயில் ஓடும் புது நீராவி எஞ்சின். 2021-இல் நிலக்கரியில் ஓடும் புது நீராவி எஞ்சின். செத்துப்போனது என்று ஊரே முடிவு கட்டிய கைத்தொழில், தேவைப்பட்டபோது நம் கைகளில் உயிரோடு இருந்தது. டீசலைக் கற்றுக்கொண்ட அதே ஊர்தான் நீராவியையும் காப்பாற்றியது. மாற்றத்தை ஏற்பவன் பழையதை இழந்துவிடுவான் என்பது உண்மையல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பீடம் திரும்பியபோது

பணிமனையில் மட்டுமா மாற்றம் வந்தது? கோவிலிலும் வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு, இலத்தீனில் கேட்ட பூசை தமிழில் ஒலித்தது. முதுகு காட்டி நின்ற குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். பொருள் தெரியாவிட்டாலும் மனப்பாடமாகச் சொல்லிவந்த இலத்தீன் மறுமொழிகளை விட்டுவிட நம் பாட்டிமார்கள் பலர் அழுதார்கள். "இது செல்லுபடியாகும் பூசைதானா?" என்று சிலர் இரகசியமாகக் கேட்டார்கள். அவர்களைக் கேலி செய்யக் கூடாது. அவர்கள் நேசித்த ஒன்று கைவிட்டுப் போகிறதே என்ற துயரம் அது. ஆனால் அதே பாட்டிமார்கள், தம் தாய்மொழியில் முதன்முறையாக வாசகத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டபோது வேறு விதமாக அழுததையும் நாம் அறிவோம். அப்பம் மாறவில்லை, ஆண்டவர் மாறவில்லை, மேசை மட்டும் நம் பக்கமாக நெருங்கி வந்தது.

இன்றைய பயங்கள்

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். நம் ஊரில் இன்று என்னென்ன பயங்கள்?

முதலாவது, பிள்ளைகளின் வேலை. "அப்பா ரயில்வே, தாத்தா ரயில்வே, நீயும் ரயில்வே" என்பது நம் ஊரின் பழைய வேதம். ஒரு பணியிடத்துக்குப் பல நூறு பேர் தேர்வு எழுதும் காலம் இது. அப்ரண்டிஸ் முடித்தவர் எல்லாருக்கும் வேலை என்ற நிச்சயம் இல்லை. தேர்வுக்கு மேல் தேர்வு எழுதி, இருபத்தெட்டு முப்பது வயதாகியும், வேறு வேலைக்குப் போனால் வீட்டுக்கு அவமானம் என்று காத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்றோர்களே, நான் கூப்பிய கரங்களோடு கேட்கிறேன்: உங்கள் பயத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றி வைக்காதீர்கள். தச்சு வேலை செய்த சூசையப்பர் தம் மகனுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். ஆனால் அந்த மகன் ஒரு நாள் பட்டறையை விட்டு வெளியேறிக் கலிலேயாக் கடலோரம் போனார். நாசரேத்திலேயே அவரைக் கட்டிப் போட்டிருந்தால் நமக்கு மீட்பு ஏது?

இரண்டாவது, ஓய்வு. ரயில்வே வீட்டில் முப்பது ஆண்டு வாழ்ந்தவர், ஓய்வு பெற்ற சில மாதங்களில் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். முற்றத்தில் வைத்த முருங்கையையும், பிள்ளை பிறந்த அறையையும் விட்டுப் போக வேண்டும். 2004-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதிய ஏற்பாடும் கிடையாது. இது உண்மையான கவலை. கடைசி மாதத்தில் விழித்துக்கொள்ளாமல் முன்கூட்டியே கணவனும் மனைவியும் அமர்ந்து கணக்குப் போடுவதும் செபத்தின் ஒரு பகுதிதான் என்பேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஓய்வு பெற்றதோடு வாழ்க்கை முடிந்தது என்று திண்ணையில் சாய்ந்துவிடும் நண்பர்களே, ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது எழுபத்தைந்து என்று ஆதியாகமம் சொல்கிறது. நமக்கு அறுபதில் ஓய்வு. அவருக்கு எழுபத்தைந்தில் புறப்பாடு!

மூன்றாவது, பெண்களின் பயம். கணவன் இறந்து, அவர் இடத்தில் கருணை அடிப்படையில் பணிமனைக்கு வரும் சகோதரிகளைக் கண்டிருக்கிறேன். அதுவரை ரேஷன் கடைக்கு மட்டுமே தனியாகப் போய் வந்தவர்கள், கறுப்பு எண்ணெய்க்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே வந்து நின்றார்கள். துக்கமும் மாற்றமும் ஒரே நாளில் அவர்கள் தலையில் இறங்கின. இன்று அவர்களிற் பலர் தங்கள் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தைரியம் என்றால் என்னவென்று நாம் வெளியூர் போய்த் தேட வேண்டியதில்லை. ஞாயிறு திருப்பலியில் நமக்குப் பக்கத்துப் பெஞ்சில் அமர்ந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

எனக்குத் தெரிந்த மட்டில் மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலில், பயத்தை வாய் விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், பிறகு வீட்டாரிடமும் சொல்லுங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், உறங்கும் சூசையப்பர் சிலை ஒன்றைத் தம் மேசையில் வைத்திருந்தார். தீராத பிரச்சினை வந்தால் ஒரு தாளில் எழுதி அந்தச் சிலையின் அடியில் வைத்துவிடுவாராம். எழுதும்போதே பயத்துக்கு ஓர் உருவம் வந்துவிடுகிறது. உருவம் தெரிந்த பகைவனோடு போராடலாம்.

அடுத்து, கற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள். எந்த வயதிலும், யாரிடமும். செபம் பண்ணிவிட்டுப் புத்தகத்தைத் திறக்காதவன், இன்ஜெக்டரைக் கழற்றாமலேயே எஞ்சின் ஓட வேண்டும் என்று கேட்பவன்.

மூன்றாவதாக, மாறுகிறவனைத் தனியாக விடாதீர்கள். எகிப்துக்குச் சூசையப்பர் குடும்பத்தோடுதான் போனார். வேலை இழந்த வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர்கள் நாமாக இருக்க வேண்டும். புதிதாகக் குடிவந்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். வெளியூர் போகும் பிள்ளைக்கு அங்குள்ள கோவிலின் முகவரியைக் கொடுத்து அனுப்புவோம். 1928-இல் தோற்றவர்களும் தனியாகத் தோற்கவில்லை. ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் பகிர்ந்துகொள்ளாமல் இந்த ஊர் ஊராகியிருக்க முடியாது.

அன்பானவர்களே, யூபிலி என்பது பழைய பெருமையைப் பேசிக் கைதட்டும் விழா மட்டுமல்ல. பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு வந்தால் கட்டுண்டவர்கள் விடுதலை பெற்றார்கள். நிலம் இழந்தவர்கள் நிலத்துக்குத் திரும்பினார்கள். இந்த யூபிலியில் நாமும் ஒரு கட்டை அவிழ்ப்போம். ஒவ்வொரு குடும்பமும், பல நாளாகப் பயந்து தள்ளிப்போட்ட ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் போடாத வேலையாக இருக்கலாம். பேசாமல் விட்ட அண்ணன் தம்பியாக இருக்கலாம். படிக்காமல் நிறுத்திய படிப்பாக இருக்கலாம். சூசையப்பரைப் போல, அச்சம் இருந்தாலும் எழுந்திருப்போம். இன்றிரவு எடுத்து வைக்க வேண்டிய ஓர் அடியை மட்டும் எடுத்து வைப்போம். அடுத்த அடிக்கு வேண்டிய வெளிச்சத்தை ஆண்டவர் தருவார்.



இயேசுவுக்குப் புகழ்! மரியாயே வாழ்க!